குற்றவாளியின் பெயர் உராய்வு

சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டான். "மச்சி, உனக்குச் சிவகாசிதானே?" சாத்தூர் பக்கம் என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு ஒன்லைனுக்குள் போனான்.

சிவகாசியில் இரண்டு கேங். ஹீரோ ஒரு கேங்கின் அடியாள், குடோன் காவல். நாயகி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா வெடிவிபத்தில் செத்தவர். விபத்துக்குக் காரணமான முதலாளியின் ஆள்தான் இவன் என்று தெரியாமல் காதலிக்கிறாள். இடைவேளையில் தெரிந்துவிடுகிறது. பிறகு ஹீரோ, எதிர் கேங்கின் ஆள், சஸ்பெண்ட் ஆன ஒரு போலீஸ்காரர் மூன்று பேரும் வேறு வழியில்லாமல் கூட்டுச் சேர்கிறார்கள். கடைசியில் குடோன் வெடிக்கிறது. "அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் நாலு கேமரா வைக்கணும் மச்சி." எனக்கான வேலை, வசனத்தை எங்கள் ஊர் வழக்குக்கு மாற்றித் தருவது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் கழித்து, "ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குடா, டைமே இல்ல" என்று சொல்லித் தப்பித்தேன். அது பொய். உண்மையான காரணத்தை அவனுக்கும், அந்தப் படம் வந்தால் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டுப் பாராட்டி எழுதப்போகும் நம் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

*

ரவுடிப் படங்கள் எனக்குப் பிடிக்கும். ஹாஸ்டலில் ஒரே லேப்டாப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து 'சுப்ரமணியபுரம்' பார்த்த தலைமுறை என்னுடையது. 2008இல் வந்த அந்தப் படத்தில் அழகர் துளசியின் ஒரு சிரிப்புக்காக என்ன வேண்டுமானாலும் செய்வான்; கடைசியில் அவளே அவனை வரவழைத்துக் கொலைகாரர்கள் கையில் கொடுப்பாள். அதற்கு முந்தைய வருடம் வந்த 'பருத்திவீர'னில் முத்தழகுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்காமல் திரிந்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல படங்கள். சண்டியர் ஒருவன் காதலிப்பதும், அந்தக் காதலே அவனைக் காலி செய்வதும், கூட இருந்த நண்பன் காசுக்குக் காட்டிக்கொடுப்பதும் மதுரை மண்ணில் நடந்திருக்கக்கூடிய விஷயங்கள் என்று நம்மை நம்ப வைத்தன.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. தெற்கத்தி ஊர் என்றாலே அரிவாள், நட்பு, துரோகம், ஒரு காதல் என்று ஒரு அச்சு உருவாகிவிட்டது. அந்த அச்சில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஊற்றலாம். 2005ஆம் வருடப் பொங்கலுக்குத் 'திருப்பாச்சி', அதே வருடத் தீபாவளிக்குச் 'சிவகாசி'. இரண்டுக்கும் ஒரே இயக்குநர், ஒரே நாயகன். திருப்பாச்சி அரிவாளுக்குப் பேர்போன ஊர், சிவகாசி வெடிக்கு. இரண்டாவது படத்தில் சிவகாசி என்பது ஹீரோவின் பெயர். எங்கள் ஊரிலிருந்து சினிமாவுக்குத் தேவைப்பட்டது அந்தப் பெயரில் இருக்கும் சத்தம் மட்டும்தான்.

நண்பனின் கதையும் அந்த அச்சுதான். அந்த அச்சில் குற்றத்துக்கு எப்போதும் ஒரு முகம் இருக்கும், ஒரு மீசை இருக்கும், ஓங்கிய கை இருக்கும். எங்கள் மாவட்டத்தின் உண்மையான நிழலுலகத்தில் இதெல்லாம் கிடையாது. அங்கே இருப்பது ஒரு காகிதம்.

*

பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் யாரும் ஆலை என்று சொல்ல மாட்டார்கள். ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். காலையில் தூக்குச்சட்டியோடு வேனுக்கு நிற்கும் பெண்களைக் கேட்டால் "ஆபீஸுக்குப் போறோம்" என்பார்கள். முதுகில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு நானும் அதையேதான் சொல்கிறேன்.

இந்த ஆபீஸ் நடத்த உரிமம் வேண்டும். ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத சிறு உற்பத்திக்கு மாவட்ட நிர்வாகம் தருவது டிஆர்ஓ லைசென்ஸ். அதற்கு மேல் மத்திய அரசின் வெடிபொருள் துறை தர வேண்டும். அதில் சென்னை லைசென்ஸ் ஒரு படி, துறையின் தலைமையகம் இருக்கும் ஊர்ப்பெயரால் நாக்பூர் லைசென்ஸ் அடுத்த படி. கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை வீட்டுக்கு நாக்பூர் லைசென்ஸ் இருக்கு" என்று யாராவது சொன்னால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

அந்த உரிமம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, வரைபடத்தோடு தரப்படுகிறது. எந்த அறையில் என்ன வேலை, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, உள்ளே எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. இந்த உரிமத்தை இன்னொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. விடுகிறார்கள். அதற்குப் பெயர் உள்குத்தகை.

உரிமம் வைத்திருப்பவர் வளாகத்தில் இருக்கும் அறைகளைப் பிரித்து நாலைந்து பேருக்குக் கொடுக்கிறார். எடுத்தவர்களில் ஒருவர் தன் பங்கிலிருந்து இரண்டு அறைகளை இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறார். குத்தகைக்கு எடுத்தவர் கையில் இருப்பது ஒரே சீசன். தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அதனால் நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். இடம் போதாவிட்டால் மரத்தடியில் வேலை நடக்கும். லாபம் அதிகம் என்று பேன்சி ரகம் போடுவார்கள். அதற்கான மணி மருந்துக்கு உரிமம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பெண்களுக்கு முன்பணம் கொடுத்திருப்பார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. எனவே அவசரம் அவர்களுக்கும்தான்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் என்னவென்றால், காகிதத்தில் இருப்பவர் களத்தில் இருக்க மாட்டார். களத்தில் இருப்பவர் காகிதத்தில் இருக்க மாட்டார். சட்டம் கையை நீட்டினால் நடுவில் போர்மேன் அகப்படுவார்.

எனக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம் என் தொழில். சாஃப்ட்வேரில் ஒரு வங்கி பெரிய கம்பெனிக்கு வேலை கொடுக்கும். பெரிய கம்பெனி இன்னொரு வெண்டருக்கு, வெண்டர் ஒரு கன்சல்டன்சிக்கு, கன்சல்டன்சி நேற்று படித்து முடித்த பையனுக்கு. தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு மெயில் போட்டால், பதில் வருவதற்குள் புராஜக்டே முடிந்துவிடும். அங்கே போவது காசு. இங்கே போவது கை, கண், உயிர்.

உள்குத்தகைதாரரை வில்லனாக்கலாம் என்று நண்பன் கிளம்புவான். அவர் பெரும்பாலும் நேற்றைய போர்மேன். அல்லது பத்து வருடம் மருந்து செலுத்தி, பொண்டாட்டி நகையை அடகு வைத்து, இரண்டு ரூம் எடுத்த ஆள். அவர் பெண்டாட்டியும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் கீழே, வீட்டுத் திண்ணையில் கருந்திரி சுற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் அடிக்கடி பிடிப்பது இவர்களைத்தான். பேப்பரில் கருந்திரிக் கட்டுகளை மேஜையில் அடுக்கிவைத்துப் படம் வரும். பார்த்தால் ஏதோ பெரிய கடத்தல் கும்பலை வளைத்தது போலிருக்கும்.

*

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் செய்தியில் ஒரு வரி வரும். மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. சின்ன வயதிலிருந்து இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் அதிகப்படியான ஆட்களைக் கொன்றது உராய்வுதான். அது மட்டும் இன்னும் கைதாகவில்லை.

உராய்வு பொய்யில்லை. கை அழுத்தினால், தரையில் தேய்த்தால், பாத்திரம் நகர்ந்தால் தீப்பிடிக்கும். ஆனால் அந்தத் தேய்ப்பு நடந்த அறையில் ஏன் அத்தனை பேர் இருந்தார்கள், ஏன் அவ்வளவு மருந்து இருந்தது, பக்கத்து அறைகள் ஏன் சேர்ந்து போயின என்ற கேள்விகளுக்கு உராய்வு விடையாகாது. நாக்கும் பேனாவும் அந்த இடத்தில் நின்றுவிடுவதற்குத்தான் அந்தச் சொல் பயன்படுகிறது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 பேர். செத்தவர்களில் பலர் அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே மாட்டியவர்களைத் தூக்க ஓடியவர்கள், என்ன ஆச்சு என்று பார்க்கப் போனவர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20க்கும் மேற்பட்டோர். அங்கேயும் அடுக்கடுக்கான குத்தகை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டது. 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. 13 பேர், பெரும்பாலும் பெண்கள். குடும்பத்துக்கு 3 லட்சம் என்று அரசு அறிவித்தது. 2024 மே 9, செங்கமலப்பட்டி. இவை பெரியவை மட்டும். ஒன்று, இரண்டு என்று சாகிறவர்கள் மாவட்டப் பதிப்பைத் தாண்ட மாட்டார்கள்.

அதன் பிறகு நடப்பதும் மனப்பாடம். போர்மேன் கைது. உரிமையாளர் தலைமறைவு, தனிப்படை அமைப்பு. ஆட்சியர் நேரில் ஆறுதல். ஆய்வுக் குழுக்கள் பத்து நாள் சுற்றும். அந்தப் பத்து நாளும் பாதி ஆபீஸ்கள் தானாகவே லீவு விடும். 1884ஆம் வருட வெடிபொருள் சட்டத்தின்படி உரிம நிபந்தனையை மீறி உற்பத்தி செய்தால் அதிகபட்சம் 3 வருடம் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆள் செத்தால் வேறு பிரிவுகளும் சேரும், உண்மைதான். ஆனால் வெடிப்பதற்கு முன்னால், வெறும் விதிமீறலாக மட்டும் இருக்கும்போது, அந்த 5,000 ரூபாய் யாரைப் பயமுறுத்தும்? ஒரு நடுத்தரக் குடும்பம் தீபாவளிக்கு வாங்கும் பட்டாசுக் காசு அது.

*

நண்பனின் கதையில் வரும் அந்த ஒட்டாத கூட்டணி எங்கள் ஊரில் நிஜமாகவே நடந்தது. யாரும் படமாக்கவில்லை.

2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு போடப்பட்டது. பட்டாசுப் புகையிலிருந்து எங்கள் நுரையீரலைக் காப்பாற்றுங்கள் என்பது கோரிக்கை. 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது. பேரியம் உப்புகள் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், வெடிப்பதற்கு இரண்டு மணி நேரம். பேரியம் நைட்ரேட்டை எங்கள் பக்கம் பச்சை உப்பு என்பார்கள். பச்சை நிறத்துக்கு மட்டுமில்லை, பல ரகங்கள் பற்றி எரியவே அதுதான் அடிப்படை. நவம்பரில் முதலாளிகள் ஆலைகளை மூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். அடுத்த வருடம்தான் திறந்தன.

அந்த மாதங்களில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் திரண்டார்கள். யாருக்கு எதிராக? கூலி உயர்த்தாத முதலாளிக்கு எதிராக இல்லை. உள்குத்தகைக்கு எதிராகவும் இல்லை. ஆலையைத் திறக்க வழி செய் என்று அரசிடம் கேட்டார்கள். அறை இடிந்து செத்தவரின் மகளும், அந்த அறையை வாடகைக்கு விட்டவரும் ஒரே கோஷத்தின் இரண்டு பக்கங்களில் நின்றார்கள்.

அடிமைப் புத்தி என்று இதைச் சென்னையில் ஒரு தோழர் என்னிடம் சொன்னார். அவருக்கு அந்த வருட மழை தெரியாது. வானம் பார்த்த கரிசலில், அடுத்த வாரச் சோற்றுக்கு வேறு எந்த ஆபீஸும் இல்லாத ஊரில், கொல்லக்கூடிய வேலை நின்றுபோவது கொல்லக்கூடிய வேலையைவிடப் பயங்கரமானது. அந்தக் கூட்டணியில் யாரும் யாரையும் நம்பவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கேங்ஸ்டர் படங்களில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே கை குலுக்குவார்களே, அதைவிட இறுக்கமான காட்சி அது.

டெல்லி வழக்கின் மையத்தில் இருந்தது காற்று. வெடிப்பவரின் மூச்சு, வேடிக்கை பார்ப்பவரின் மூச்சு. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தையின் நுரையீரல் யாருடையதானாலும் நுரையீரல்தான். ஆனால் செய்பவளின் கை அந்த வழக்கின் மையத்துக்கு வரவே இல்லை. தடை வந்ததும் பச்சை உப்பு மறைந்துவிடவில்லை, இன்னும் ஒரு படி கீழே போனது. 2021 செப்டம்பரில் சிபிஐயின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, தடை செய்த பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துவது மிகத் தீவிரமான விஷயம் என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஒளித்துச் செய்யும் வேலையை யாரும் நல்ல வெளிச்சத்தில், நாலு வாசல் வைத்த அறையில் செய்ய மாட்டார்கள்.

*

காதல் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் வீட்டிலேயே இருக்கிறது.

என் அம்மாவின் தம்பி ஒரு பயர் ஆபீஸில் போர்மேனாக இருந்தார். அத்தை அங்கே மருந்து செலுத்துகிறவர். வேறு ஆட்கள். எங்கள் ஊரில் இந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை. மாமா பூ வாங்கிக் கொடுத்ததில்லை, பாட்டு எழுதியதில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். அத்தையின் இடத்தை மாற்றினார். "நீ வாசப்பக்கம் உக்காரு."

அறைக்குள் யார் எங்கே உட்காருவது என்பது அங்கே சாதாரண விஷயமில்லை. ஏதாவது ஒன்று என்றால் வாசல் பக்கம் இருப்பவர்கள் வெளியே விழுந்துவிடலாம். மற்ற பெண்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்களாம். அத்தை இதைச் சொல்லும்போது இப்போதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். இரண்டு வீட்டிலும் வெட்டுவேன் குத்துவேன் என்று நின்று, ஓடிப்போய், திரும்பி வந்து, ஒருவழியாக அடங்கினார்கள். இதுவரை நண்பனுக்குப் பிடிக்கும்.

பிறகு மாமா இரண்டு ரூம் உள்குத்தகைக்கு எடுத்தார். நான் பிளஸ் டூ முடித்துக் கவுன்சிலிங் போன வருடம் அது. அப்பாவால் முடியவில்லை. ஏஜெண்ட் கொடுத்த முன்பணத்திலிருந்து 40,000 ரூபாயை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தார் மாமா. "மருமகன் படிச்சு நம்மள இந்த மருந்துலேருந்து வெளிய கொண்டாரட்டும்." என் முதல் வருட ஃபீஸ் அது.

மூன்று வாரத்தில் அவருடைய ஒரு ரூமில் தீப்பிடித்தது. பெரிய வெடி இல்லை. பேப்பரில் நாலு வரி. உராய்வு. அத்தை வாசல் பக்கம் இருந்தார். முழங்கையில் மட்டும் தழும்பு. உள்ளே, முன்பு அத்தை உட்கார்ந்திருந்த இடத்தில், எங்கள் தெருவில் நான் பெரியம்மா என்று கூப்பிட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பதினோராவது நாள் மதுரையில் இறந்தார். வேலைப் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. மாமா ஒரு மாதம் ஊரில் இல்லை. உரிமம் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. பெரியம்மா வீட்டுக்கு ஏதோ ஒரு தொகையைப் பேசி முடித்தார்கள். அந்த வீட்டு அண்ணன் இப்போதும் என்னைப் பார்த்தால் "எப்பத் தம்பி வந்த?" என்று கேட்பார். நான் "நேத்துதாண்ணே" என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

மாமா வில்லனா? அவரை வில்லன் என்றால், அந்தக் காசில் சி மொழியும் டேட்டா ஸ்ட்ரக்சரும் படித்த நான் யார்? மாமா நல்லவர் என்றால் பெரியம்மாவைக் கொன்றது யார்? இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு இருபது வருடமாகப் போகிறது. என் நண்பனின் திரைக்கதை இதை நாற்பது செகண்டில் தீர்த்துவிடும். முதலாளி வேடத்தில் மலையாள நடிகர் ஒருவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டு வருவார். இடைவேளைக்குள் நாமெல்லாம் சுத்தமாகிவிடுவோம். நான், மாமா, பட்டாசு வாங்குகிற நீங்கள், எல்லாரும்.

ரவுடியைக் காதலிப்பதால் நமக்குக் கிடைக்கும் வசதி இதுதான். குற்றம் அவனோடு சேர்ந்து செத்துவிடும்.

*

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். 'கலை ஆவணம் இல்லை' என்பது ஒன்று. சரி. ஆனால் நான் ஆவணம் கேட்கவில்லை. கூட்டணி, துரோகம், காதல் எல்லாம் இருக்கும் கதையைத்தான் மேலே சொன்னேன். ரவுடி மட்டும்தான் இல்லை.

'நீ எழுதுவதால் தொழிலுக்குக் கெட்ட பெயர்' என்பது இன்னொன்று. இது ஊரிலிருந்து வரும். நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதத்தைச் செய்கிற தொழில், குட்டி ஜப்பான், நூறு வருடத்துக்கு முன் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடாரின் உழைப்பு. இந்தப் பெருமையெல்லாம் எனக்கும் உண்டு. உரிமத்தில் சொன்னபடி நடத்தும் ஆபீஸ்களும் இருக்கின்றன. அவர்களுடைய விலையை உள்குத்தகைக்காரன் சரக்கு அடித்து நொறுக்குகிறது. உள்குத்தகையை மூடி மறைப்பதுதான் தொழிலுக்குச் செய்யும் துரோகம்.

'எழுதி என்ன ஆகப்போகிறது?' இதற்கு என்னிடம் வலுவான பதில் இருக்கிறது. 1990இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். விடியாத பொழுதில் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் முகம் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. மறுவருடம் மீனம்பட்டி விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடே பேசியது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயமான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. ஆனால் என் அம்மா எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார். நான் எட்டு வயதில் பள்ளிக்கூடம் போனேன். என் வகுப்பில் இருந்த எல்லாரும் போனார்கள்.

குழந்தைத் தொழிலாளிக்கு ஒரு முகம் கிடைத்தது. கதை கிடைத்தது. அதனால் வெளியே இருந்தவர்களுக்கு உறுத்தியது. உறுத்தியதால் சட்டம் அசைந்தது. உள்குத்தகைக்கு இன்னும் யாரும் முகம் கொடுக்கவில்லை. பேப்பரில் அது கடைசிப் பத்தியில் வருகிறது. சினிமாவில் வருவதே இல்லை. இலக்கியத்தில் கரிசல் வந்தது, வெயில் வந்தது, தீப்பெட்டிக் கட்டைகளை அடுக்கும் சிறுமி வந்தாள். நாலு ரூமைப் பேசி முடித்துக் கை மாற்றும் அந்த டீக்கடை பெஞ்சு இன்னும் வரவில்லை. கதை சொல்லத் தெரிந்த நாம்தான் அரிவாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே.

எனக்கு வேண்டியது சின்ன விஷயம்தான். பத்து அறை இருக்கும் வளாகத்தில் யார் எந்த அறையை நடத்துகிறார்கள் என்பது வாசலில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். வெடித்தால் முதல் குற்றவாளி உரிமத்தில் பெயர் இருப்பவராக இருக்க வேண்டும், போர்மேனாக அல்ல. இதற்குப் புரட்சி தேவையில்லை. இருக்கிற விதியை விபத்துக்கு மறுநாள் மட்டும் இல்லாமல் விபத்துக்கு முதல் நாளும் பார்த்தால் போதும்.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் ஏதோ ஒரு படம். குடோன் வெடித்தது. நெருப்புக்கு முன்னால் ஹீரோ திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார். அத்தை முறுக்குப் பிழிந்துகொண்டே பார்த்தார்.

"அவளுக்கு என்னாச்சு?" என்றார்.

"யாருக்கு அத்தை?"

"உள்ள வேல பாத்துக்கிட்டு இருந்தாள்ல, ஒரு பொம்பள. முன்னாடி காமிச்சானே. அவ வாசப்பக்கம் இருந்தாளா, உள்ளுக்கா?"

நான் அப்படி ஒரு பெண்ணைக் கவனிக்கவே இல்லை. படத்தை எடுத்தவர்களும் கவனித்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு துணை நடிகை, இரண்டு செகண்ட். ஆனால் அத்தை அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று முதல் காட்சியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மச்சி, வசனம் எழுத வருகிறேன். ஆனால் உன் கேமராவில் ஒன்றையாவது அந்தப் பெண் பக்கம் திருப்பு. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், அங்கே அவளை உட்கார வைத்தது யார், அந்த அறை யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் சொல். ரவுடி தேவைப்பட்டால் அதற்குப் பிறகு கூட்டிக்கொண்டு வா.